மூளைக் கருவி வாங்கப் புறப்படுமுன் ஒரு எழுத்துப் பலகை செய்யுங்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பட்டணத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரையும் உப்பிய பேட்டரியும்தான் என் பிழைப்பு. ஆனால் கொஞ்ச நாளாக, சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து வேறொரு கேள்வியோடும் ஆட்கள் வருகிறார்கள். “தம்பி, தலையில மாட்டினா மனசுல நினைக்கிறத கம்ப்யூட்டரே எழுதிடுமாமே, எங்கப்பாவுக்கு ஒண்ணு வரவழைச்சுக் கொடுப்பியா?”

என்னிடம் கேட்பதற்குக் காரணம் என் தாய்மாமா. செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மூளைத்தண்டில் வந்த பக்கவாதம் அவருடைய கையையும் காலையும் வாயையும் நிறுத்திவிட்டது. அறிவு அப்படியே இருக்கிறது, காதும் கேட்கிறது. இன்று அவர் அத்தையிடம் கோபித்துக்கொள்கிறார், மின்னல் எஃப்.எம். வைக்கச் சொல்கிறார், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்கிறார். மூளைக் கருவி எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. எல்லாம் ஓர் அட்டையும் அவருடைய கண்ணும் செய்கிற வேலை.

மூளை–கணினி இடைமுகம், அதாவது மூளையின் மின்னலையைக் கேட்டுக் கணினியை இயக்கும் கருவி, வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கு, எதற்கு, எந்தக் கட்டத்தில் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். செலவும் குறைவு, பலனும் சீக்கிரம்.

எது அசைகிறது என்று பாருங்கள்

உடம்பில் எங்காவது ஒரே ஓர் இடம், அவர் நினைத்தபோது அசைந்தால் போதும். புருவம், கன்னம், தாடை, கட்டைவிரல், கண் எதுவானாலும் சரி. உடம்பு முடங்கிய விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் கடைசிக் காலத்தில் பேசியது கன்னத் தசையால். மூக்குக் கண்ணாடியில் பொருத்திய ஓர் அகச்சிவப்பு உணரி கன்னத்தின் துடிப்பைப் பிடித்துக் கணினிக்குச் சொன்னது. உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தின் கதவும் அவருக்குத் திறந்திருக்கும். அவரே கன்னம் அசைகிறவரை கன்னத்தைத்தான் நம்பினார்.

மூளைத்தண்டுப் பக்கவாதத்தில் பெரும்பாலும் இமையும், கண்ணின் மேல்–கீழ் அசைவும் தப்பிவிடும். பக்கவாட்டில் பார்க்க முடியாமல் போகலாம். அதனால் ‘வலப்பக்கம் பார்த்தால் ஆமாம்’ என்று வைக்காதீர்கள். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று வையுங்கள். இமைப்பதை ‘ஆமாம்’ ஆக்கினால் இயல்பாக இமைப்பதும் அதில் சேர்ந்துகொள்ளும், வீட்டில் சண்டைதான் வரும்.

அடுத்து, விடை உங்களுக்குத் தெரிந்த கேள்விகளாகக் கேட்டுச் சரிபாருங்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ வருகிற மாதிரி கேட்கக் கூடாது, கலந்து கேட்க வேண்டும். “மாமா, நீங்க தோட்டத்துல கிராணியா இருந்தீங்களா?” என்று நான் கேட்டபோது கண் கீழே போன வேகத்தைப் பார்த்து அத்தையே சிரித்துவிட்டார். மண்டோருக்கும் ஆபீஸ் கணக்கரான கிராணிக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப்போனது! காலையில் தெளிவாக இருப்பவர் மதிய வெயிலில் சோர்ந்துவிடலாம். மருந்து கொடுத்ததும் மந்தமாகலாம். ஒருவேளை பதில் வரவில்லை என்பதற்காக ‘நினைவு இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். இந்தக் கட்டத்திலேயே அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளரையும், அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் பார்க்கக் கேளுங்கள். நம் ஆட்கள் பிசியோவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

பலகை

வெள்ளை அட்டை, தடித்த மார்க்கர், பிளாஸ்டிக் உறை. ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள்.

அ ஆ இ ஈ உ ஊ
எ ஏ ஐ ஒ ஓ ஔ
க ங ச ஞ ட ண
த ந ப ம ய ர
ல வ ழ ள ற ன
ஃ ஜ ஸ இடைவெளி அழி மணி

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் எப்படி ஓர் அட்டையில் எழுதுவது என்று மலைக்க வேண்டாம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, மொத்தம் முப்பது. ஐந்து வரிசையில் அடங்கிவிடுகிறது. கடைசி வரிசை நம் வசதிக்கு. ஜாலான் என்று தெருப்பெயரும் ஜெம்போல் என்று ஊர்ப்பெயரும் வரும் என்பதால் ஜ, ஸ இரண்டையும் சேர்த்தேன்.

எழுதும் முறை இது. மெய்யைத் தேர்ந்து, தேவைப்பட்டால் அடுத்து உயிரைத் தேர்வார். ‘வலி’ என்றால் வ, ல, இ. ‘தண்ணி’ என்றால் த, ண, ண, இ. புள்ளி வைக்க வேண்டாம், அகரத்தையும் தனியாகக் காட்ட வேண்டாம். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடாமல்தான் எழுதினார்கள், படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிரெழுத்து தனியாக வராது என்பதால், மெய்யை அடுத்து வரும் உயிர் அந்த மெய்யோடுதான் ஒட்டும். குழப்பமே இல்லை.

எழுத்துகளை அதிகம் வருவது, குறைவாக வருவது என்று வரிசை மாற்றி அடுக்கினால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். இளையவர்களுக்குச் சரிப்படலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கங சஞ டண என்று ராகம் போட்டுப் படித்தவருக்கு அந்த வரிசையிலேயே இருக்கட்டும். எந்த எழுத்து எங்கே என்று தேடுகிற களைப்பு அவருக்கு மிச்சம். தமிழ் படிக்காத பிள்ளைகள் என்றால் கூச்சப்படாமல் ரூமியில், அதாவது ஏ, பி, சி எழுத்தில் போடுங்கள். பேச வைப்பதுதான் நோக்கம்.

நீங்கள் பலகையை முகத்துக்கு நேராகப் பிடித்து, “முதல் வரி, ரெண்டாம் வரி” என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் மேலே பார்த்த வரியில் நின்று, எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். வந்ததைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், மனதில் வைத்தால் நாலாவது எழுத்தில் தொலைந்துவிடும். பாதிச் சொல்லில் ஊகித்துச் சொல்லலாம், ஆனால் அவர் ‘ஆமாம்’ காட்டிய பிறகுதான் அது அவருடைய சொல். அத்தை ஆரம்பத்தில் எல்லாச் சொல்லையும் தானே முடித்துவைத்தார். மாமா எழுத்து எழுத்தாகக் கூட்டிய முதல் முழு வாக்கியம், ‘நான் சொல்றேன்’.

பலகையின் பின்பக்கம் எழுத்துக் கூட்ட நேரமில்லாதவற்றை எழுதுங்கள். சளி எடு, புரட்டிப் போடு, வலி, காத்தாடி (ஃபேன்), தாகம், வேறு. இந்த ‘வேறு’ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் யோசித்து வைத்ததைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இருக்கக் கூடாது என்றாகிவிடும். அதோடு, ‘எனக்குப் பேசணும்’ என்பதற்கு அவராகக் காட்டும் ஓர் அடையாளம் முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது கூரை மூலையை விடாமல் பார்ப்பது.

பலகை பழகியபின் கைப்பேசிக்கு வரலாம். ஆண்ட்ராய்டில் கேமரா வழியாகப் புருவம் உயர்த்துவதையும் வாய் திறப்பதையும் சுவிட்சாக மாற்றும் வசதி இருக்கிறது. கூகுளின் ‘லுக் டு ஸ்பீக்’ செயலி கண் போகும் திசையை வைத்துச் சொற்றொடரைத் தேர்ந்து வாசிக்கும். ஐபோனில் 2024 கடைசியிலிருந்து வந்த பதிப்புகளில் கண்ணாலேயே திரையை இயக்கலாம். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னல் முதுகுப்பக்கம் இருக்கக் கூடாது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமானால் கடைக்கு வாருங்கள், அமைத்துத் தருகிறேன்.

தலையில் மாட்டுகிற கருவி

மனித மூளையின் மின்னலைகளைத் தலைத்தோலிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிந்து 1929-இல் வெளியிட்டார். அந்த அலைகளைக் கொண்டு கணினியோடு பேச முடியுமா என்று 1973-இல் எழுதி, இந்தத் துறைக்குப் பெயர் கொடுத்தவர் கலிபோர்னியாவின் ஜாக் விடால். இன்று விற்கிற தலைப்பட்டைகளும் செய்வது பெர்கர் செய்ததைத்தான், கம்பி மட்டும் குறைந்திருக்கிறது.

தோலில் வந்து சேருகிற மின்னழுத்தம் மைக்ரோவோல்ட் கணக்கு. மண்டையோடு அதை இன்னும் மழுக்கிவிடும். செம்பனை ஆலைக்கு வெளியே சாலையில் நின்றால் ஆலை ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியும், உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. தலைக்கு வெளியே இருந்து கேட்பதும் அவ்வளவுதான். எனவே மனதில் நினைத்த வாக்கியத்தை இந்தப் பட்டை எழுதித் தரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் எழுத்துக் கருவி எப்படி வேலை செய்கிறது? 1988-இல் ஃபார்வெல், டோன்சின் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். திரையில் ஆறுக்கு ஆறு எழுத்துக் கட்டம். வரிசைகளும் பத்திகளும் தாறுமாறாக மாறி மாறி மின்னும். நீங்கள் உங்களுக்கு வேண்டிய எழுத்தையே பார்த்துக்கொண்டு, அது மின்னும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் எண்ண வேண்டும். எதிர்பார்த்தது மின்னியதும் ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து மூளை ஒரு சின்ன மேட்டை எழுப்பும். பி300 என்று அதற்குப் பெயர். எந்த வரிசைக்கும் எந்தப் பத்திக்கும் அந்த மேடு வந்ததோ, அவை வெட்டும் கட்டத்தில் இருப்பதே உங்கள் எழுத்து.

ஆறுக்கு ஆறு. நம் பலகையும் அதே அளவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். பலகையில் பழகியவருக்கு எழுத்தின் இடம் மனப்பாடம், நாளைக்கு இந்தக் கருவிக்குப் போனாலும் புதிதாகப் படிக்க வேண்டியது குறைவு. பலகையை முதலில் செய்யச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஒரு மின்னலில் கிடைக்கும் மேடு நம்பத்தகாதது. பல முறை மின்னவைத்துச் சராசரி எடுத்தால்தான் தெளியும், அதனால் நேரம் பிடிக்கும். 1988-இல் கிடைத்த வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்து. அந்த வேகத்தில் ‘தண்ணி’க்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பலகையோடு அத்தை தண்ணீர் கொடுத்து வாயும் துடைத்துவிடுவார். பிறகு முறைகள் மேம்பட்டன என்பது உண்மை. ஆனாலும் கண் நன்றாக அசைகிறவருக்குத் தலைப்பட்டை ஒரு படி கீழேதான்.

கருவி கையில் கிடைத்தால் அது மூளையைத்தான் கேட்கிறதா என்று சோதிக்க இரண்டு வழி உண்டு. பின்மண்டையில் மின்முனை, அதாவது அலையைப் பிடிக்கும் சிறு தகடு, வைத்து, கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 8 முதல் 13 வரை அடிக்கும் ஆல்ஃபா அலை எழும், கண் திறந்தால் அடங்கும். இது தெரியாத கருவி மூளையைக் கேட்கவில்லை. அடுத்து பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். கோடு தாறுமாறாக எகிறும், அது தாடைத் தசையின் மின்சாரம், மூளையுடையது அல்ல. நெற்றியில் மட்டும் ஒட்டுகிற மலிவுப் பட்டைகளில் பாதி ஆட்டம் இந்தத் தசையாட்டம். தாடையைக் கடித்துத்தான் சுட்டியை நகர்த்துகிறார் என்றால் சுவிட்ச் ஒன்றே போதுமே, விலையில் எத்தனையோ ரிங்கிட் மிச்சம்.

நம் ஊரில் இன்னும் சில தொந்தரவு உண்டு. தலையில் தேங்காயெண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது. முதல் நாளே ஷாம்பு போட்டுக் கழுவி, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். எங்கள் அத்தை மாதிரி ஆட்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். வியர்வை கோட்டை மெல்ல மேலும் கீழும் இழுக்கும், எனவே வெயில் ஏறுமுன் உட்காருங்கள். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே புகும். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிடுங்கள், கட்டிலுக்குப் பக்கத்துக் காத்தாடியைத் தள்ளி வையுங்கள். மென்பொருளுக்குப் பிரான்ஸில் உருவான ஓப்பன்வைப் இலவசமாகக் கிடைக்கிறது, பி300 எழுத்துக் கட்டம் அதிலேயே இருக்கிறது. வேறு வகைக் கருவிகளில் திரைப் பொத்தான்கள் வேகமாகச் சிமிட்டும். வலிப்பு வந்தவருக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைக் காட்டாதீர்கள்.

கை திரும்ப வருவதற்கு

பேச்சை விட்டுவிட்டால், தலைப்பட்டைக்கு நான் மதிக்கிற உபயோகம் இன்னொன்று உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு கையைப் பழக்குவது. கையை அசைப்பதாக நினைத்தாலே மூளையின் இயக்கப் பகுதியில் ஓர் அலை அடங்குகிறது. அந்த நொடியில் இயந்திரம் கையை விரித்துக் கொடுத்தால், நினைப்பும் அசைவும் மறுபடி ஜோடி சேருகின்றன. இப்படி வேலை செய்யும் இப்ஸிஹேண்ட் என்ற கருவிக்கு 2021-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரிலும் இந்த முறையைப் பக்கவாத நோயாளிகளிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள்.

இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மலாக்காவில், தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவின் மறுவாழ்வு மையத்தில் ஜப்பானின் ‘ஹால்’ ரோபோ உடை இருக்கிறது. அது காலின் தோலில் வந்து சேரும் தசைச் சமிக்ஞையைப் படிக்கிறது, தலையை அல்ல. தோட்டத்தில் வேலை செய்தபோது சம்பளத்தில் சொக்சோ பிடித்திருந்தால் அங்கே போக வாய்ப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தலைப்பட்டைக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. சமூக நல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் ஓகேயு அட்டையையும் எடுத்து வையுங்கள்.

மண்டையைத் திறந்து வைப்பது

செய்தியில் நீங்கள் பார்க்கிற அதிசயங்கள் பெரும்பாலும் இந்த வகை. 2004-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த மேத்யூ நேகிளின் மூளையில் 96 மின்முனை உள்ள சில்லு வைத்தார்கள், அவர் நினைத்துச் சுட்டியை நகர்த்தினார். 2012-இல் வெளியான ஆய்வில் கேத்தி ஹட்சின்சன் ரோபோ கையை நினைப்பாலேயே இயக்கிக் காப்பி குடித்தார். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒருவர் கையால் எழுதுவதாக நினைத்ததை நிமிடத்துக்கு 90 எழுத்து வேகத்தில் படித்தார்கள். 2023-இல் மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் குரல் இழந்த ஒரு பெண் நிமிடத்துக்கு 78 சொல் பேசினார். என் மாமாவுக்கு வந்த அதே நோய் என்பதால் அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 2024-இல், தசைகளை மெல்ல மெல்ல முடக்கும் ஏ.எல்.எஸ். நோயுள்ள கேசி ஹாரெல், 256 மின்முனைகளோடு, நோய்க்கு முந்தைய தன் குரலைப் போன்ற குரலில், 97 விழுக்காடு துல்லியமாகப் பேசினார். அதே ஆண்டு ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் மனிதருக்கான தன் முதல் கருவியை நோலண்ட் ஆர்பாவுக்கு வைத்தது. அவர் சதுரங்கம் ஆடினார். பிறகு மூளைக்குள்ளிருந்த மின்முனை நூல்களில் பல பின்வாங்கிவிட்டன. சிங்க்ரான் நிறுவனத்தின் கருவியோ மண்டையைத் திறக்காமல் கழுத்து ரத்தக்குழாய் வழியே உள்ளே போகிறது.

இவை எல்லாம் ஆய்வுச் சோதனைகள், கடையில் கிடைப்பவை அல்ல. அப்படி ஒரு செய்தி வந்தால் கருவி தலைக்கு வெளியிலா உள்ளேயா, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எந்த மொழியில் என்று பாருங்கள். மேலே சொன்ன பேச்சுக் கருவிகள் ஆங்கில ஒலிகளைப் பிரித்து, ஆங்கிலச் சொற்களை ஊகிக்கும் மென்பொருளோடு ஓடுபவை. தமிழ் பேசுகிறவருக்குத் தமிழ் ஒலியையும் தமிழ்ச் சொல்லையும் வைத்து ஒருவர் அதைச் செய்துதர வேண்டும். ஆய்வில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அது ஆய்வு அல்ல.

இந்தக் கருவிக்கென்றே இருக்கும் ஆள் யார் என்றால், கண்ணும் நின்றுபோனவர். ஏ.எல்.எஸ். முற்றியவர்களில் சிலருக்கு அப்படி ஆகிறது. அவர்கள் ‘ஆமாம், இல்லை’ சொன்னார்கள் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வை 2019-இல் இதழே திரும்பப் பெற்றது. 2022-இல் வேறு ஓர் ஆய்வு வந்தது. மூளைக்குள் மின்முனை வைத்த ஒருவர், காதில் கேட்கும் சத்தத்தை நினைப்பால் ஏற்றியும் இறக்கியும், நிமிடத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் எழுதினார். அவர் கேட்டவற்றில் சூப்பும் பீரும் உண்டு. மாமாவிடம் அதைப் படித்துக் காட்டியபோது, பலகையில் ‘பீர்’ என்று கூட்டினார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளின் கவனத்தைக் கூட்டும் என்று தலைப்பட்டையைப் பெற்றோரிடம் விற்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதப்போகிற பையனுக்குத் தூக்கமும் டியூஷன் காசும் கொடுங்கள். மேலும் அந்தப் பட்டை சேகரிக்கும் மூளைப் பதிவு எங்கே போய்ச் சேருகிறது என்று விற்பவருக்கே தெரிவதில்லை. சிலி நாடு 2021-இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தி மூளைத் தகவலுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

பலகையை ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஒன்று கட்டிலருகே, ஒன்று காரில், இன்னொன்று ஆஸ்பத்திரிப் பையில். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை, கூரை மூலையை விடாமல் பார்த்தால் பேச வேண்டும் என்பதை மலாய் மொழியில் பெரிய எழுத்தில் எழுதித் தலைமாட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் முறை மாறி வரும் தாதிக்கு விளக்கிச் சொல்ல நம் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.